காலடிப்பேட்டை: ஒரு துரையின் பெயரும் ஒரு குமாஸ்தாவின் கோயிலும்

சென்னையில் திட்டமிட்டு எழுப்பப்பட்ட குடியிருப்பு எது என்று கேட்டால் பெரும்பாலோர் தியாகராய நகர் என்பார்கள். 1920களில் மாம்பலத்து நீண்ட ஏரியைத் தூர்த்து, நடுவில் ஒரு பூங்காவை வைத்து, அதிலிருந்து சாலைகளைப் பிரித்து, மனை மனையாகப் பங்கிட்ட அந்தக் கதை பலமுறை எழுதப்பட்டுவிட்டது. அதே ஆண்டுகளில் டோக்கியோவில் ஷிபுசாவா எயிச்சி என்ற தொழிலதிபரின் முயற்சியால் டெனென்சோஃபு என்ற தோட்டக் குடியிருப்பு உருவாயிற்று. அதற்கான நிறுவனம் 1918இல் தொடங்கி, 1923இல் மனைகளை விற்க ஆரம்பித்தது. ரயில் நிலையத்திலிருந்து அரைவட்டமாக விரியும் மரநிழல் தெருக்கள். தெருதோறும் செல்வர் வீடுகள். இவ்விரண்டையும் அருகருகே வைத்து ஒரு கட்டுரை எழுதலாம் என்றுதான் எங்கள் நண்பர் குழுவில் பேச்சு தொடங்கியது.

ஆனால் பேச்சு வேறு திசையில் போய்விட்டது. தென்சென்னையின் செல்வப் பேட்டைக்குத் தம் பெயரைத் தந்த பிட்டி தியாகராயச் செட்டியார் வடசென்னைக்காரர். நெசவு மரபினரான தேவாங்கர் குலத்தில் பிறந்தவர். அப்படியானால் அந்த நெசவாளர்களுக்கென்றே எவரும் திட்டமிட்டு ஊர் அமைத்ததில்லையா என்று ஒரு நண்பர் கேட்டார். அமைத்திருக்கிறார்கள். தியாகராய நகருக்கும் டெனென்சோஃபுக்கும் இருநூறு ஆண்டுகள் முன்பே, திருவொற்றியூரை ஒட்டிய மணற்பாங்கான நிலத்தில், ஒரு வணிகக் கம்பெனி அதைச் செய்தது. அதன் பெயர் காலடிப்பேட்டை. அதை நேரில் பார்த்துவிடுவது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்கள் நால்வர் கிளம்பினோம்.

2021 பிப்ரவரியில் மெட்ரோ ரயில் விம்கோ நகர் வரை நீண்டதிலிருந்து அங்கே போவது எளிதாகிவிட்டது. அந்தத் தடத்து நிலையப் பெயர்களை வரிசையாக வாசிப்பதே ஒரு வரலாற்றுப் பாடம்: தியாகராயா கல்லூரி, தண்டையார்பேட்டை, சுங்கச் சாவடியின் நினைவாக நிற்கும் டோல்கேட், அதற்கடுத்து காலடிப்பேட்டை. வடசென்னைக்கு அந்நியப் பெயர்களைத் தன் நாவுக்கேற்ப மென்று தமிழாக்கிக்கொள்ளும் பழக்கம் உண்டு. இராயபுரத்தின் பெயரில் இருப்பவர் ஏசுவின் சீடரான புனித இராயப்பர் என்பது அங்கே பிறந்து வளர்ந்தவர்களிலேயே பலருக்கு நினைவில் இல்லை. காலடிப்பேட்டையும் அவ்வகையே. அது யாருடைய காலடியும் அன்று. 1717 முதல் 1720 வரை புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநராக இருந்த ஜோசப் காலெட் என்பவரின் பேட்டை. காலெட் பேட்டை என்பதே காலடிப்பேட்டை ஆயிற்று.

இந்தக் காலெட் யார்? லண்டனில் வணிகம் நொடித்துக் கடனாளியானவர். மனைவியை இழந்து, பெண் மக்களை உறவினர் பொறுப்பில் விட்டுவிட்டு, கடனை அடைப்பதற்காகவே கம்பெனி உத்தியோகத்தில் கிழக்கே வந்தவர். முதலில் சுமத்திராவின் பென்கூலன், பிறகு சென்னை. பென்கூலனில் பழைய யார்க் கோட்டையை விட்டுப் புதிய இடத்தில் மார்ல்பரோ கோட்டையைக் கட்டத் தொடங்கியவரும் அவரே. புது இடம் தேடி ஊர் அமைப்பது அவருக்குப் பழகிய காரியம் என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். சமயத்தில் அவர் இங்கிலாந்தின் அரசுத் திருச்சபையோடு ஒத்துப்போகாத பாப்டிஸ்டு. அவருடைய தனிப்பட்ட கடிதங்கள் 1933இல் டாட்வெல் பதிப்பாக அச்சேறின. அவர் உருவமும் கிடைக்கிறது: ஆமோய் சின்குவா என்ற சீனக் கைவினைஞர் 1716இல் சுடாத களிமண்ணில் செய்து வண்ணம் தீட்டிய, மூன்றடிக்குச் சற்றே குறைவான சிலை. அதை அவர் மகளுக்கு அனுப்பிவைத்தார். இப்போது லண்டன் தேசிய உருவப்பட அரங்கில் இருக்கிறது. நாங்கள் அதன் படத்தைக் கைப்பேசியில் வைத்துக்கொண்டுதான் ஊருக்குள் நுழைந்தோம்.

ஊரைப் புரிந்துகொள்ள, அது எழுந்த நிலத்தின் வழக்கை முதலில் சொல்ல வேண்டும். 1708இல் நவாப் தாவூத் கான் கம்பெனிக்குத் திருவொற்றியூர், நுங்கம்பாக்கம், வியாசர்பாடி, கத்திவாக்கம், சாத்தாங்காடு ஆகிய ஐந்து ஊர்களைத் தந்தார். சில ஆண்டுகளிலேயே அவை திரும்பப் பறிக்கப்பட்டன. 1717இல் டில்லி பாதுஷா ஃபரூக்சியரின் பர்மானைக் காட்டி, காலெட் அவற்றை மறுபடி வசப்படுத்தினார். நவாபின் தரப்பு சும்மா இருக்கவில்லை. அதே ஆண்டில் தயாராம் என்பவர் ஆட்களோடு வந்து திருவொற்றியூரைப் பிடிக்க, கோட்டையிலிருந்து லெப்டினன்ட் ரோச் தலைமையில் படை சென்று மோதி விரட்டியது. ஆக, காலெட் கையில் இருந்தது சண்டையிட்டுப் பெற்ற நிலம். நாளையே மறுபடி கேள்விக்குள்ளாகக்கூடிய நிலம். வெறும் மணலில் உரிமை கொண்டாடுவதைவிட, குடிகளை ஏற்றி வைத்த ஊரில் உரிமை கொண்டாடுவது எளிது. 1719 வாக்கில் எழுந்த காலெட் பேட்டையை நாங்கள் முதலில் இப்படித்தான் படிக்கிறோம்: அது நிலத்தில் அடித்த முளை.

இரண்டாவது காரணம் துணி. கம்பெனி சென்னையில் உட்கார்ந்ததே துணிக்காக. வெள்ளைத் துணியும், சாயம் தோய்த்து எழுதிய சீட்டித் துணியும் கப்பல் கப்பலாகப் போயின. கம்பெனி வணிகர்கள் வழியே நெசவாளருக்கு முன்பணம் கொடுத்து, குறித்த காலத்தில் துணி வாங்குவதுதான் முறை. அதில் உள்ள தொல்லை, நெசவாளர் நடமாடக்கூடியவர்கள் என்பது. தறியைக் கழற்றி எடுத்துக்கொண்டு, முன்பணத்தோடு அடுத்த பாளையத்துக்குப் போய்விட முடியும். பஞ்சம், படையெடுப்பு, வரி, வணிகர்களின் கெடுபிடி என்று போவதற்குக் காரணங்களும் குறைவில்லை. அவர்களைக் கோட்டைக்குப் பக்கத்திலேயே நிலைத்திருக்கச் செய்ய வேண்டுமானால் வீடு கொடுக்க வேண்டும். ஆகவே நூறு வீடுகள் அளவிலான ஒரு சிற்றூர். நெய்வோரும் துணியில் வண்ணம் எழுதுவோரும் அதன் குடிகள்.

இங்கே ஒரு காலப் பொருத்தம் எங்களை நெடுநேரம் யோசிக்க வைத்தது. காலெட் தம் நெசவாளருக்கு ஊர் கட்டிக்கொண்டிருந்த அதே 1719இன் கோடையில், லண்டன் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் நெசவாளர்கள் தெருவில் இறங்கினார்கள். இந்தியச் சீட்டித் துணி தங்கள் பிழைப்பைக் கெடுக்கிறது என்று சொல்லி, அதை உடுத்திச் சென்ற பெண்களைத் துரத்தி, உடைகளைக் கிழித்தார்கள். மையையும் திராவகத்தையும் வீசினார்கள். வண்ணமிட்ட சீட்டியை இங்கிலாந்துக்குள் விற்பதை 1700ஆம் ஆண்டுச் சட்டமே தடுத்திருந்தது. 1721ஆம் ஆண்டுச் சட்டம் அதை உடுத்துவதையே குற்றமாக்கியது. கம்பெனி அப்போதும் தளரவில்லை. துணியை லண்டனில் இறக்கி வேறு நாடுகளுக்கு ஏற்றி விற்றது. திருவொற்றியூர் மணலில் பாவு நீட்டியவனும் தேம்ஸ் கரையில் நாடா எறிந்தவனும் ஒருவரையொருவர் கண்டதில்லை. இருவரையும் எதிரிகளாக்கிய கணக்குப் புத்தகம் ஒன்றே. ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் நெசவாளரின் கலகம் ஆங்கில வரலாற்று நூல்களில் இடம்பெற்றிருக்கிறது. காலடிப்பேட்டை நெசவாளரோ கோட்டை ஆவணங்களில் ஒரு தொகையாகவே தங்கிவிட்டார்கள்.

நெசவாளர் ஊரின் வரைபடத்தை வரைந்தது உண்மையில் தறிதான் என்று சொல்லத் தோன்றுகிறது. குழித்தறி வீட்டுக்குள் இருக்கும். ஆனால் பாவு வீட்டுக்குள் அடங்காது. நீளமான நூலை இழுத்துக் கட்டி, கஞ்சி தோய்த்து, வாரி, காயவிடத் தெருதான் வேண்டும். அத்தெரு நேராக இருக்க வேண்டும். காலையில் வண்டிகள் குறுக்கிடக் கூடாது. நிழல் இருந்தால் நல்லது. சாயமிடுவோருக்கு நல்ல தண்ணீரும், துணியை விரித்து வெளுக்கத் திறந்த வெளியும் வேண்டும். சிவப்புச் சாயத்துக்கான சாயவேர் விளைவதோ கடலோர மணலில். டெனென்சோஃபுவின் தெருக்கள் மாலை உலாவுக்காக அரைவட்டம் போட்டன என்றால், நெசவுப் பேட்டையின் தெரு நேர்கோடாக ஓடியது பாவுக்காக. அங்கே தெரு என்பது தொழிற்கூடத்தின் மறுபாதி.

இனி கோயில். காலடிப்பேட்டையின் நடுநாயகம் கல்யாண வரதராஜப் பெருமாள். சைவத்தின் பெருந்தலமான திருவொற்றியூரில், தியாகராசரும் வடிவுடையம்மனும் எழுந்தருளிய ஆதிபுரிக்கு நடந்து போகும் தொலைவிலேயே, ஒரு வைணவக் கோயில். சுந்தரர் சங்கிலியாரை மணந்ததும், கலிய நாயனார் விளக்கெரித்ததும் அந்தப் பழைய ஊரின் நினைவுகள். புதிய ஊருக்கும் ஒரு பக்தன் கதை வேண்டியிருந்தது, அது அமைந்தும்விட்டது. சந்நிதித் தெருவில் பூக்கட்டிக்கொண்டிருந்த ஓர் அம்மாளிடம் நாங்கள் கேட்டோம்.

"இது வெள்ளைக்கார துரை கட்டின கோயில் தம்பி" என்று தொடங்கினார்.

கதை இதுதான். துரையிடம் வீரராகவன் என்றொரு குமாஸ்தா. அவர் காஞ்சி வரதராஜரைச் சேவிக்காமல் வேலைக்கு வருவதில்லை. தினமும் காஞ்சிபுரம் போய்வருவார், தினமும் தாமதம். துரைக்குக் கோபம். ஒருநாள் சோதிக்கிறார்: "இந்நேரம் உன் பெருமாள் காஞ்சியில் என்ன செய்கிறார், சொல்." வீரராகவன் கண்களை மூடி, உற்சவத்தில் அந்த நொடியில் நிகழும் ஒரு தடங்கலைச் சொல்கிறார். அது தேர் நின்றுபோனதா, குடைக்கு நேர்ந்த சேதமா என்பதில் சொல்வோருக்குச் சொல்வோர் வேறுபாடு உண்டு. எங்களுக்குச் சொன்ன அம்மாள் தேர் என்றார். துரை குதிரைக்காரனை அனுப்பி விசாரிக்கிறார். சொன்ன நேரத்தில் சொன்னபடியே நடந்திருக்கிறது. துரை மனம் கரைந்து, குமாஸ்தா இனி அலைய வேண்டாம் என்று வரதராஜருக்கு இங்கேயே கோயில் எடுக்கிறார்.

இதைக் கேட்டுவிட்டு வெளியே வந்ததும் எங்களுக்குள் விவாதம் மூண்டது. காஞ்சிபுரம் அங்கிருந்து எழுபது கிலோமீட்டருக்கு மேல். தினமும் போய்வருவது நடவாத காரியம் என்று ஒருவர். பக்தமாலைக் கதைகளில் தூரத்தை அளப்பது அழகன்று என்று இன்னொருவர். உண்மையான கேள்வி வேறு. சமயப் பற்று மிகுந்த ஒரு பாப்டிஸ்டு, பெருமாள் கோயிலுக்கு உடன்பட்டது ஏன்?

விடை பதினைந்தாண்டு தள்ளி, நகரின் இன்னொரு பகுதியில் கிடைக்கிறது. 1734இல் ஆளுநர் ஜார்ஜ் மார்ட்டன் பிட் காலத்தில், கூவத்தின் வளைவில் இருந்த சுங்குராமனின் தோட்டத்தில் கம்பெனி மற்றொரு நெசவுப் பேட்டையை அமைத்தது. சின்னத் தறிப் பேட்டை என்பதுதான் இன்று சிந்தாதிரிப்பேட்டை. அங்கே யார் யார் குடியிருக்கலாம் என்று கம்பெனி வரையறுத்த பட்டியலில் நூற்போர், நெய்வோர், வண்ணம் எழுதுவோர், வெளுப்போர், சாயமிடுவோர் ஆகியோருடன் கோயிலுக்கு வேண்டிய பிராமணரும் நடனப் பெண்டிரும் இருக்கிறார்கள். அதாவது கோயில் அருளால் பின்னர் முளைத்ததன்று. கிணற்றையும் தெருவையும் போலத் திட்டத்திலேயே இருந்த ஒன்று. கோயிலில்லா ஊரில் நெசவாளன் குடியேற மாட்டான். குடியேறாவிட்டால் துணி வராது. சிந்தாதிரிப்பேட்டைக்கான இந்த விதியைக் கம்பெனி காலடிப்பேட்டையில்தான் கற்றுக்கொண்டது என்று சொல்ல நேரடிச் சான்று எங்களிடம் இல்லை. இரண்டும் ஒரே அச்சில் வார்த்தவை என்பது மட்டும் கண்கூடு.

எங்களில் ஒருவர் இத்தோடு வழக்கை முடித்துவிட விரும்பினார். வீரராகவன் கதை, கம்பெனியின் கணக்குக்குப் பூசிய சந்தனம் என்பது அவர் தீர்ப்பு. நாங்கள் மற்றவர்கள் அதற்கு உடன்படவில்லை. கதையை இன்னொருமுறை கவனியுங்கள். அதில் துணி இல்லை, முன்பணம் இல்லை, தயாராமோ பர்மானோ இல்லை. துரை இருக்கிறார், ஆனால் சோதிக்கப்போய்த் தோற்றவராக இருக்கிறார். வெற்றி பெறுவது தாமதமாக வேலைக்கு வரும் ஒரு குமாஸ்தா. மேலதிகாரியின் நேரக் கட்டுப்பாட்டுக்கும் தன் சாமியின் நேரத்துக்கும் இடையே நசுங்கிய ஒரு சம்பளக்காரனின் ஆசை அதில் இருக்கிறது. இதைக் கம்பெனி புனைந்திருக்காது. கம்பெனியிடம் வேலை பார்த்தவர்கள் புனைந்திருக்கலாம். ஊரைக் கட்டியவன் யார் என்பதைக் கதை மறுக்கவில்லை. யாருக்காகக் கட்டினான் என்பதை மாற்றி எழுதிக்கொண்டது. பெயரிலும் இதுவே நடந்திருக்கிறது. ஆளுநரின் குடும்பப் பெயர், முந்நூறு ஆண்டு மக்கள் நாவில் உருண்டு, பெருமாளின் திருவடியாக ஆகிவிட்டது. எங்கள் நண்பர் இன்னமும் ஒப்புக்கொள்ளவில்லை. கம்பெனிக்கு அதனால் நட்டம் ஒன்றுமில்லையே என்று கேட்டார், அதுவும் சரிதான்.

காலெட் தம் பேட்டையின் வளர்ச்சியைப் பார்க்க இங்கே இருக்கவில்லை. 1720 ஜனவரியில் பதவியை விட்டு, கடன்கள் தீர்ந்த செல்வராகக் கப்பலேறினார், 1725இல் மறைந்தார். பின்னாளில் கோட்டையை ஒட்டிய பழைய கறுப்பர் பட்டினம், பீரங்கிகளுக்குத் திறந்த வெளி வேண்டும் என்பதற்காக இடிக்கப்பட்டது. 1757இல் அங்கிருந்த சென்னகேசவப் பெருமாள் கோயிலும் இடிபட்டு, வேறிடத்தில் மணலி முத்துக்கிருஷ்ண முதலியாரின் முயற்சியால் 1760களில் மீண்டும் எழுந்தது. காலடிப்பேட்டைக்கு அந்தக் கதி நேரவில்லை. பீரங்கியின் பார்வை எட்டாத தொலைவில் இருந்ததே காரணம். நகரின் ஓரத்தில் இருப்பதால் எப்போதாவது இப்படியும் ஒரு நன்மை.

ஊரைத் தின்றது வேறொன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மான்செஸ்டர் துணி வந்தது. கம்பெனியின் முன்பணமும் நின்றது. 1856இல் இராயபுரத்திலிருந்து தென்னிந்தியாவின் முதல் ரயில் வாலாஜா ரோட்டுக்குப் புறப்பட்டது, பிறகு துறைமுகம், இருபதாம் நூற்றாண்டில் ஆலைகள். விம்கோ தீப்பெட்டி, 1946இல் ஒரு கொட்டகையில் பலூன் செய்யத் தொடங்கிப் பின்னர் டயருக்குப் போன எம்.ஆர்.எஃப்., 1948இல் எண்ணூரில் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், 1950களில் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள். நெசவாளரின் பேரப்பிள்ளைகளுக்கு ஆலைச் சங்கு நேரம் சொன்னது. ஆனால் இந்த ஆலைகளில் எதுவும் காலடிப்பேட்டையைப் போல வீடும் தெருவும் கோயிலுமாக ஒரு முழு ஊரை எண்ணிப் பார்த்துக் கட்டியதாகத் தெரியவில்லை. தொழிலாளர் கிடைத்த இடத்தில் தங்கிக்கொண்டார்கள். 2011இல் திருவொற்றியூர் சென்னை மாநகராட்சியோடு இணைந்தபோது வந்து சேர்ந்தது அந்த நெரிசல்தான். இருபதாம் நூற்றாண்டின் திட்டமிடும் ஆர்வமெல்லாம் மாம்பலம் பக்கம் போய்விட்டது.

நாங்கள் சுற்றிய இரண்டு மணி நேரத்தில் ஒரு தறிச் சத்தமும் கேட்கவில்லை. இடுக்கமான வீடுகள், மாடிக்கு மேல் மாடி, வாசலை அடைத்து நிற்கும் இருசக்கர வண்டிகள். ஆயினும் கோயிலைச் சுற்றிய தெருக்களில் நின்று பார்த்தால், திருவொற்றியூரின் மற்ற சந்துகளைப் போல அவை வளைந்து நெளியவில்லை. ஒரு முனையிலிருந்து மறுமுனை தெரிகிறது. அகலத்தைக் காலால் அளந்து பார்த்தோம். ஒரு பாவு நீட்டி, அதன் இருபுறமும் ஆள் நடந்து கஞ்சி வாரலாம். நாங்கள் அளப்பதைப் பார்த்து, மாநகராட்சி ஆட்கள் என்று நினைத்து ஒருவர் தம் வண்டியை அவசரமாக உள்ளே தள்ளினார்.

திரும்பும் வழியில் அந்த அம்மாளிடம் களிமண் சிலையின் படத்தைக் காட்டினோம். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். "இவருதானா அந்த துரை? நல்லாத்தான் இருக்காரு" என்றார். எங்கள் நண்பர், விடாப்பிடியாக, அந்தத் துரை அதற்கப்புறம் ஒரு தடவையாவது காஞ்சிபுரம் போய்ப் பெருமாளைப் பார்த்தாரா என்று கேட்டார்.

"அவரு எதுக்குப்பா போகணும்? அதான் பெருமாளையே இங்க கூட்டியாந்துட்டாரே" என்று சொல்லிவிட்டு, முழம் எவ்வளவு வேண்டும் என்று கேட்டார். இரண்டு முழம் வாங்கிக்கொண்டோம்.